குளிர்காலத்தைப் படம்பிடித்தல்: இயற்கைக்கும் பறவைகளுக்குமான முழுமையான வழிகாட்டி

இலை உதிர்ந்து, பூக்கள் முடிந்து, வானம் பாதி நாள் சாம்பல் பூத்துக் கிடக்கும் மாதங்களில் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். அவர்கள் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல. கோடையில் இலைக்கூட்டத்துக்குள் வெறும் குரலாக இருந்த பறவை இப்போது மொட்டைக் கிளையில் முழு உருவமாக உட்கார்ந்திருக்கிறது. சூரியன் தாழ்வாகவே நகர்வதால் அதன் சிறகின் ஒவ்வொரு வரியும் தெரிகிறது. ஏரி, முகத்துவாரம், சதுப்பு என்று உறையாத தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் வலசை வந்த கூட்டங்கள் இறங்கியிருக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருக்கிறது. குளிர்காலப் பறவை தன் உடம்பின் சூட்டைக் கணக்குப் பார்த்துச் செலவழித்து வாழ்கிறது. கிடைத்த தீனி, பகலின் நீளம், வரப்போகும் இரவின் குளிர் மூன்றும் சரியாக ஒத்துவந்தால்தான் அதற்கு மறுநாள் காலை உண்டு. அந்தக் கணக்கைக் கலைக்காமல் அருகில் இருக்கத் தெரிந்தவருக்கே இந்தப் பருவம் தன் அழகைக் காட்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் படிகள் எல்லாம் அதைச் சார்ந்தவைதான்: நடப்பதைக் குறைத்து, உட்காருவதைக் கூட்டுவது எப்படி என்பது.

படி 1: சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று பாருங்கள்

வட கோளத்தில் டிசம்பர் 21 வாக்கிலும், தென் கோளத்தில் ஜூன் 21 வாக்கிலும் நண்பகல் சூரியன் ஆண்டிலேயே மிகத் தாழ்வாக இருக்கும். எவ்வளவு தாழ்வு என்று நீங்களே கணக்கிடலாம். 90இலிருந்து உங்கள் இடத்தின் அட்சரேகையையும் 23.5ஐயும் கழியுங்கள். 60 டிகிரி அட்சரேகையில் மிஞ்சுவது 6.5 டிகிரி, அங்கே நாள் முழுவதும் காலை வெயில்தான். 50 டிகிரியில் 16.5. நண்பகலில்கூடத் தயங்காமல் படம் எடுக்கலாம். 10 டிகிரியில் 56.5 வரும். அப்படிப்பட்ட இடத்தில் சூரியன் எழுந்த ஒன்றரை மணி நேரத்திலேயே வெயில் கடுமையாகிவிடும். எனவே விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்தாக வேண்டும்.

மேகமூட்டமான நாளை வீண் என்று நினைக்க வேண்டாம். வெள்ளைப் பறவைகளுக்கு அதுதான் உகந்த நாள். அன்னத்தின் கழுத்திலும் கொக்கின் முதுகிலும் உள்ள மெல்லிய இறகு மடிப்புகள் நேர் வெயிலில் வெளுத்துக் காணாமல் போகும். மேக வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் நிற்கும். தரை முழுவதும் வெண்பனி கிடந்தால் இன்னும் நல்லது. அது கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால், மற்ற பருவங்களில் இருட்டாகவே விழும் சிறகின் அடிப்பகுதி பறக்கும்போது பளிச்சென்று தெரியும்.

படி 2: பறவையின் ஒரு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் கருவிகளுக்குப் போய்விடத் தோன்றும். போகாதீர்கள். எங்கே, எப்போது நிற்க வேண்டும் என்பதை லென்ஸ் சொல்லித் தராது. பறவையின் பிழைப்புதான் சொல்லித் தரும்.

ஐரோப்பாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்றான கோல்ட்கிரெஸ்ட்டின் எடை 5 முதல் 6 கிராம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அது 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும் வடக்கத்தி இரவுகளைக் கடக்கிறது. வட அமெரிக்காவின் கருந்தொப்பிச் சிக்கடீ என்ற சிறு பறவை கடுங்குளிர் இரவில் தன் உடல் வெப்பத்தை வழக்கத்தைவிடச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வரை குறைத்துக்கொண்டு ஆற்றலை மிச்சப்படுத்தும். இரவு முழுவதும் உடம்பிலிருந்த கொழுப்பு கரைந்துபோயிருப்பதால், விடிந்ததும் இவை செய்யும் முதல் வேலை இரை தேடுவது. மாலையில் அடையப் போவதற்கு முன் மறுபடியும் மும்முரமாகத் தின்னும். உங்கள் நேரமும் இவை இரண்டுதான். நடுப்பகலில் அவை இறகைப் பொங்கவைத்து, வெயில் படும் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். உருவப்படம் எடுக்க அந்த நேரம் நல்லது.

பொங்கிய இறகுகளுக்குள் காற்று சிறைப்படுகிறது. அந்தக் காற்றுதான் அதன் போர்வை. ஒற்றைக் காலில் நிற்பதும், அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொள்வதும் வெறும் தோலும் அலகும் வழியாகச் சூடு போகாமல் இருக்கத்தான். வாத்து பனிக்கட்டி மேல் நின்றும் உறைந்துபோகாததற்குக் காரணம் அதன் கால்களின் ரத்த ஓட்டம்: கீழே இறங்கும் சூடான ரத்தம், பக்கத்திலேயே மேலேறி வரும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பாதத்துக்குப் போகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்க்கும்போது, பனிக்கட்டியில் ஒற்றைக் காலில் நிற்கும் வாத்து உங்களுக்கு வேறு படமாகத் தெரியும். எதைச் சட்டத்துக்குள் வைக்க வேண்டும், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதும் புரியும்.

இனி இடம். குளிர்காலத்தில் தீனியும் தண்ணீரும் சில இடங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கும். பறவைகளும் அங்கேதான் கூடும். ஓடிக்கொண்டிருப்பதால் உறையாத ஓடை, பழம் உதிராமல் நிற்கும் மரம், விதையோடு காய்ந்து நிற்கும் புதர், நாணல் கரை, நீர் வடிந்த சேற்றுத்திட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். ரோவன் மரத்தில் சிவப்புப் பழம் இருந்தால் வேக்ஸ்விங் பறவைக் கூட்டம் வரக்கூடும். அது பழத்தைப் பறித்து, தலையை நிமிர்த்தி, மேலே தூக்கிப் போட்டு விழுங்கும். அலகுக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு கணம் வெற்றிடம் இருக்கும். அந்தக் கணத்துக்காகத் தொடர்பட முறையில் காத்திருங்கள். கூட்டம் ஒரு மரத்தைக் காலி செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும் என்பதால், நீங்கள் அசையாமல் இருந்தால் அது திரும்பத் திரும்ப உங்கள் முன்னாலேயே வரும்.

வெண்பனியே விழாத நாடுகளில் குளிர்காலத்தின் பரிசு வலசைப் பறவைகள். மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறப்பது கருவிகள் பொருத்திப் பதிவாகியிருக்கிறது. ஊசிவால் வாத்து, உள்ளான், வாலாட்டி, சேற்றுப் பூனைப்பருந்து என்று ஒரு நீர்நிலையின் குளிர்காலப் பட்டியல் அதன் கோடைப் பட்டியலைவிடப் பல மடங்கு நீளும்.

படி 3: ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கே திரும்பிப் போங்கள்

புது இடம் புது இடமாகத் தேடி அலைவதைவிட, வீட்டிலிருந்து எளிதில் போகக்கூடிய ஓர் இடத்துக்கு வாரா வாரம் போவது நல்லது. முதல் முறை போகும்போது படம் எடுக்க அவசரப்படாமல் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சூரியன் எந்தப் பக்கம் எழுகிறது? பறவை வழக்கமாக அமரும் கிளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? காற்று எங்கிருந்து வீசுகிறது? பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே இறங்கும், எழும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால் அவை உங்களை நோக்கி இறங்கும். எதிரே இருந்து வீசினால் வாலைத்தான் காண்பீர்கள்.

எல்லாம் ஒன்றுகூடினால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ட்சுருய் கிராமத்து ஒட்டோவா பாலம் நல்ல சான்று. கீழே ஓடும் ஆறு கடுங்குளிரிலும் உறைவதில்லை. உச்சந்தலை சிவந்த ஜப்பானியக் கொக்குகள் அதன் ஆழமில்லாத நீரில் நின்றபடி இரவைக் கழிக்கின்றன. விடியற்காலைக் குளிரில் நீரிலிருந்து ஆவி எழும். கரை மரங்களில் அது உறைந்து வெள்ளையாகப் படியும். அதன் நடுவே கொக்குகள் கண்விழிக்கும். ஒளிப்படக்காரர்கள் பாலத்தின் மேலேயே நின்றுவிடுவதால் கொக்குகளுக்குத் தொந்தரவும் இல்லை. அந்தத் தீவில் இந்தக் கொக்குகள் அழிந்துவிட்டதாகவே ஒரு காலத்தில் கருதப்பட்டது. 1924இல் குஷிரோ சதுப்பில் ஒரு சிறு கூட்டம் மட்டும் எஞ்சியிருப்பது தெரியவந்தது. குளிர்காலத்தில் உள்ளூர் மக்கள் தீனி போட்டுக் காப்பாற்றியதில் இன்று 1,000க்கும் மேல் பெருகியிருக்கின்றன. அங்கே எடுக்கப்படும் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அந்த உழைப்பு இருக்கிறது.

படி 4: கருவியும் உடையும்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். பறவைக்கு 400 மி.மீ. அல்லது அதற்கு மேலான லென்ஸ் வசதி. பனிக்கும் மூடுபனிக்கும் சாதாரண லென்ஸ் போதும், கைபேசிகூடப் போதும். குளிரில் லித்தியம் அயான் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். கடுங்குளிரில் அதன் கொள்ளளவு பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை. மாற்றுப் பேட்டரிகளை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். தீர்ந்துபோனதாகக் காட்டும் பேட்டரியையும் சூடேற்றினால் இன்னும் கொஞ்சம் ஓடும். உலோக ட்ரைபாட் கால்கள் விரலைக் கொல்லும். பஞ்சுக் குழாய் சுற்றிக்கொள்ளுங்கள். லென்ஸின் ஹூட் (முன்புற மறைப்பு) எப்போதும் மாட்டியிருக்கட்டும், வெயிலுக்காக அல்ல, விழும் பனியைத் தடுக்க. கண்ணாடியில் பனித்தூள் ஒட்டினால் வாயால் ஊதக் கூடாது. மூச்சின் ஈரம் அங்கேயே உறைந்துவிடும்.

உடையில் முக்கியமானது உட்கார்ந்திருப்பதற்கான உடை. நடக்கும்போது போதுமாக இருக்கும் சட்டை, அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் போதாது. கீழே போட்டு உட்கார ஒரு தடித்த பஞ்சுப் பாய், உள்ளே மெல்லிய கையுறை, வெளியே தடித்த கையுறை இவை போதும். குளிரில் நடுங்குபவர் அசைவார். அசைந்தால் பறவை போய்விடும்.

உறைந்த ஏரியின் மேல் ஒரு படத்துக்காகக் கால் வைக்காதீர்கள். ஓடை வந்து சேரும் இடத்திலும், பறவைகள் கூடும் திறந்த நீரின் விளிம்பிலும் பனிக்கட்டி மிக மெல்லியதாக இருக்கும். நல்ல படத்துக்கு ஆசைப்பட்டு நாம் போக நினைப்பது அந்த இரண்டு இடங்களுக்குத்தான்.

படி 5: வெள்ளையை வெள்ளையாக எடுங்கள்

குளிர்காலப் படங்களில் அதிகம் சறுக்குவது எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடும் ஒளியின் அளவு. கேமராவின் ஒளிமானி, முன்னால் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்பது அதன் அனுமானம். புதிதாக விழுந்த வெண்பனியோ 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். இடைவெளி இரண்டு ஸ்டாப்புக்குச் சற்று மேல் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). ஒளிமானி அந்த வெள்ளையைச் சாம்பலுக்கு இறக்கிவிடுவதால்தான் பனிப் படங்கள் அழுக்குத் துணி நிறத்தில் வருகின்றன.

எனவே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது ஒளிமானி சொல்லும் அளவை ஸ்டாப் கணக்கில் ஏற்றி இறக்கும் வசதியை, கூட்டுங்கள். சட்டம் முழுவதும் வெயில்பட்ட பனி என்றால் +1⅓ முதல் +2 வரை. பாதி பனி, பாதி இருண்ட மரம் என்றால் +⅔ போதும். மூடுபனிக்கும் இதே கதைதான், +⅔ முதல் +1 வரை தேவைப்படும். எடுத்ததும் ஹிஸ்டோகிராமை, இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தை, பாருங்கள். மேடு வலது ஓரத்தை நெருங்கி நிற்க வேண்டும், முட்டக் கூடாது. வெளுத்துப்போன பகுதியைத் திரையில் சிமிட்டிக் காட்டும் மிகை வெளிச்ச எச்சரிக்கையையும் போட்டுவையுங்கள். பறவையின் மார்பு சிமிட்டினால் ⅓ ஸ்டாப் குறையுங்கள்.

வெளிச்சம் மாறாத நாளில், ஒளி அளவை நீங்களே நிறுத்திவைக்கும் மேனுவல் முறைக்கு மாறிவிடுவது இன்னும் நல்லது. ஒரு கொக்கு இருண்ட காட்டுக்கு முன்னாலிருந்து புறப்பட்டு வெண்பனிக்கு மேல் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் விழும் ஒளி சிறிதும் மாறவில்லை. ஆனால் தானியங்கி முறையில் உள்ள கேமரா, பின்னணி மாறியதைப் பார்த்து முதலில் கொக்கை வெளுக்கடிக்கும், பிறகு கறுக்கடிக்கும். மேனுவலில் அப்படி நடக்காது. பனியில் ஒரு சோதனைப் படம் எடுத்துச் சரிபார்த்து, அதே அளவில் பூட்டிவிடுங்கள்.

வெள்ளைப் பறவை வெள்ளைப் பனியில் நின்றால் பறவையின் மிக வெளிச்சமான இறகே அளவுகோல். பனி அதைவிட அரை ஸ்டாப் மங்கினாலும் பரவாயில்லை. கறுப்புப் பறவை என்றால் பனி வெளுத்துப்போகும் எல்லை வரை கூட்டி எடுத்துவிட்டு, இறகின் நுட்பத்தை ரா கோப்பிலிருந்து (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) மீட்டுக்கொள்ளலாம். பனிக்காலத்தில் ஜேபெக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தெளிந்த நாளில் பனியின் மேல் விழும் நிழல் நீலமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே சூரிய ஒளி இல்லை, நீல வானத்தின் ஒளி மட்டுமே இருக்கிறது. வெயில் பட்ட பகுதி இளமஞ்சள், நிழல் நீலம். இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் குளிர்காலக் காலையின் உயிர். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பை) வைத்து நீலத்தை முழுவதும் துடைத்துவிடாதீர்கள்.

படி 6: வேகமும் ஃபோகஸும்

அன்னம், கொக்கு, வாத்து போன்ற பெரிய பறவைகள் பறக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/1250 முதல் 1/2000 நொடி வரை வையுங்கள். சிறு பறவைகளுக்கு 1/3200. வெளிச்சம் குறைவென்றால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) கூட்டத் தயங்க வேண்டாம். மணிமணியாக வரும் இரைச்சலைக் குறைக்கலாம், கலங்கிய பறவையைச் சரிசெய்ய முடியாது.

பனி விழும்போது ஷட்டர் வேகமே படத்தின் மனநிலையைத் தீர்மானிக்கும். 1/1000இல் ஒவ்வொரு துகளும் புள்ளியாக நிற்கும். 1/250இல் சிறு கீற்றாகும். 1/30இல் நீண்ட கோடாகும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆந்தைக்கும் தூங்கும் வாத்துக்கும் 1/30 அற்புதமாக அமையும், ட்ரைபாட் இருந்தால். பறவை தெளிவாக நிற்க, உலகம் அதைச் சுற்றி இறங்கிக்கொண்டிருக்கும். கொட்டும் பனியில் தானியங்கி ஃபோகஸ் முன்னால் விழும் துகளைப் பிடித்துக்கொள்ளும். பறவையின் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தாலும், இந்த நேரத்தில் ஒற்றைப் புள்ளியை வைத்து, ஃபோகஸ் இடம் மாறும் வேகத்தைக் குறைத்துவிடுவது நம்பகமானது.

காரிலிருந்து எடுப்பவர்களுக்கு: கார் பறவைக்கு நல்ல மறைவிடம். ஆனால் உள்ளே இருக்கும் சூடான காற்று, ஜன்னல் வழியாக வெளியேறும்போது அலையடித்துப் படத்தைக் குழப்பும். லென்ஸில் குறை என்று நினைத்துக் கவலைப்படுவோம். ஹீட்டரையும் எஞ்சினையும் அணைத்து, ஜன்னலை இறக்கி, உள்ளும் வெளியும் ஒரே குளிராகும் வரை பொறுங்கள்.

படி 7: காத்திருங்கள், துரத்தாதீர்கள்

ஒரு பறவையை ஒரு முறை கிளப்பிவிட்டால் அது பறந்து தப்பிக்கச் செலவழிப்பது இரவுக்காகச் சேர்த்து வைத்த ஆற்றலை. குறுகிய பகலில் அதை மீண்டும் சம்பாதிக்க நேரம் இல்லாமல் போகலாம். அதனால் பறவை தானாக வரும் தூரமே உங்கள் தூரம்.

பறவை தன் சங்கடத்தைச் சொல்லும், கவனித்தால் புரியும். தின்பதை நிறுத்தித் தலையை நிமிர்த்துகிறது, உங்களை விட்டுப் பக்கவாட்டில் நகர்கிறது, கூட்டமாக எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன, எச்சரிக்கைக் குரல் கொடுக்கின்றன. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நின்றுவிடுங்கள், உட்காருங்கள், கேமராவை இறக்குங்கள். மறுபடி தின்னத் தொடங்கினால் அங்கேயே இருக்கலாம். தொடங்காவிட்டால் மெல்லப் பின்வாங்க வேண்டியதுதான். பகலில் ஓய்வெடுக்கும் ஆந்தை உடம்பை ஒடுக்கி மரக்கட்டை போல நீண்டு நின்றால் அது அஞ்சுகிறது என்று பொருள். சிலருக்கு அது அழகான படமாகத் தெரிகிறது. எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

உயிருள்ள எலியைக் காட்டி ஆந்தையை வரவழைப்பது, ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை இழுப்பது இரண்டும் வேண்டாம். அரிய ஆந்தையின் இடத்தை வரைபடப் புள்ளியோடு பகிரவும் வேண்டாம்.

தோட்டத்தில் தீனித்தட்டு வைத்துப் படம் எடுப்பது இதில் சேராது. அது தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம். தட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் அடிக்கடி கழுவுங்கள்; பறவைகள் நெருங்கிக் கூடும் இடத்தில் நோய் எளிதில் பரவும். நல்ல குளிர் நாட்களில் திடீரென்று தீனியை நிறுத்திவிடாதீர்கள். தட்டுக்கு ஓரிரு அடி தள்ளிப் பாசி படர்ந்த இயற்கையான கிளை ஒன்றை நட்டுவையுங்கள். இறங்குவதற்கு முன் பறவை அதில் ஒரு கணம் உட்காரும். உங்கள் படம் அங்கேதான்.

படி 8: பாடும் பறவையின் மூச்சு

குளிர்காலத்தில் மட்டுமே கிடைக்கும் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஐரோப்பிய ராபின் குளிர்காலத்திலும் தன் எல்லையைக் காக்கப் பாடுகிறது. ஆண், பெண் இரண்டுமே பாடும். உறைகுளிரான காலையில் அது வாயைத் திறந்து பாடும்போது அலகிலிருந்து வெண்மையாக ஓர் ஆவி சுருண்டு எழுந்து, அடுத்த சுரத்துக்குள் கரைந்துபோகும்.

இதற்கு நான்கு பொருத்தங்கள் வேண்டும். காற்று அசையக் கூடாது. சூரியன் பறவைக்குப் பின்னால், தாழ்வாக இருக்க வேண்டும். எதிர் ஒளியில்தான் ஆவி ஒளிரும். பறவைக்குப் பின்னணியில் வெயில் படாத இருண்ட புதரோ மேட்டு நிழலோ இருக்க வேண்டும், வானம் பின்னணியானால் ஆவி தெரியாது. நான்காவதாக, குறை எக்ஸ்போஷர்: −1 வரை இறக்கினால் பறவையின் உருவம் விளிம்பொளியோடு நிற்கும், மூச்சும் வெளுக்காது. ராபின் ஒரே பாட்டுக் கிளைக்குத் திரும்பத் திரும்ப வருவதால், அந்தக் கிளையைக் கண்டுபிடித்து, சூரியன் அதற்கு நேர் பின்னால் வரும் கோணத்தில் முதல் நாளே உங்கள் இடத்தைக் குறித்துவையுங்கள். மறுநாள் இருட்டிலேயே போய் உட்காருங்கள்.

படி 9: பறவையைச் சிறியதாக விடுங்கள்

பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் சட்டத்தைப் பறவையால் நிரப்பவே பழகியிருப்போம். குளிர்காலத்தில் எதிர்த்திசையில் முயன்று பாருங்கள். வெண்பனியோ மூடுபனியோ பின்னணியில் இருந்த குப்பையையெல்லாம் அழித்துக் கொடுத்திருக்கிறது. அந்த வெறுமையில் பறவை சட்டத்தின் பத்தில் ஒரு பங்காக இருந்தால் போதும். அது எந்த உலகத்தில் வாழ்கிறது என்பதைப் படம் சொல்லிவிடும். பறவை பார்க்கும் பக்கம் இடம் விடுங்கள். காய்ந்த தண்டு ஒன்று, அதில் ஒரு சிறு பறவை, அதன் பாரத்தில் தண்டு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது தெரியும்படி வேர்வரை சட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். 10 கிராம் எடை என்பது என்ன என்று அந்த வளைவு காட்டும்.

மொட்டைக் கிளைகள் பறவைக்குக் குறுக்கே ஓடினால் காலை ஓரடி இப்படி, ஓரடி அப்படி நகர்த்தி இடைவெளி தேடுங்கள். கேமராவின் உயரமும் முக்கியம். நீர்ப்பறவைகளுக்குத் தரையோடு தரையாகப் படுத்து எடுப்பதற்கு ஈடில்லை.

படி 10: பறவை வராத நேரத்தில்

காத்திருக்கும் நேரம் வீணாக வேண்டியதில்லை. காலடியில் ஓர் உலகம் இருக்கிறது.

தெளிந்த, காற்றில்லாத இரவுக்குப் பிறகு புல்லிலும் இலை விளிம்பிலும் உறைபனி ஊசிகள் முளைத்திருக்கும். வெயில் பட்டால் விரைவில் உருகிவிடும் என்பதால், அதை முதலில் எடுத்துவிட்டு மற்றதற்குப் போங்கள். மூடுபனி உறைந்து மரங்களில் படிவது இன்னொரு வகை; அது காற்று வீசும் பக்கத்தை நோக்கி வளரும், தடிப்பாகவும் இருக்கும். குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான நீரின் மேல் நகரும்போது ஏரியிலிருந்து ஆவி எழும். சூரியன் அதற்குப் பின்னால் வந்தால் அது பொன்னிறமாகும், அதன் வழியே நீந்தும் சாதாரண வாத்தும் நினைவில் நிற்கும் படமாகும். பனி விழாத இடங்களில் சிலந்தி வலைகள்தான் உறைபனிக்கு ஈடு. அதிகாலைத் துளிகளோடு எதிர் ஒளியில் அவற்றைத் தேடுங்கள்.

பனிப்படிகத்தைத் தனியாக எடுக்க விரும்பினால் உங்களுக்கு முன்னோடி வில்சன் பென்ட்லி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரின் விவசாயி. 1885 ஜனவரி 15 அன்று, 20 வயது நிறைவதற்கு முன்பே, கேமராவை நுண்ணோக்கியோடு இணைத்து ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம்பிடித்தார். 1931இல் இறக்கும் வரை 5,000க்கும் மேற்பட்ட படிகங்களை எடுத்தார். கறுப்புப் பலகையில் பனியை ஏந்தி, உருகிவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்த அவருடைய முறை இன்றும் செல்லும். வெளியிலேயே வெகு நேரம் வைத்துக் குளிர்ந்துபோன கறுப்புக் கம்பளித் துணி, மேக்ரோ லென்ஸ், பக்கவாட்டில் சிறு விளக்கு போதும். அகலமான கிளைகள் விரிந்த நட்சத்திர வடிவங்கள் மேகத்தில் −15 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருவாகின்றன. −5 வாக்கில் ஊசிகளும் தூண்களும்தான் அதிகம். 1936இல் ஆய்வகத்தில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்த ஜப்பானிய இயற்பியலாளர் உகிசிரோ நகாயாவின் ஆய்வுகளே வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் ஏற்ப வடிவம் மாறுவதைத் தெளிவாக்கின. உங்கள் கறுப்புத் துணியில் விழுவதைப் பார்த்தே மேலே எவ்வளவு குளிர் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

படி 11: வீடு திரும்புதல்

குளிர்ந்த கேமராவை நேராகச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் காற்றின் ஈரம் அதன் மேலும், சில சமயம் உள்ளேயும் நீராகப் படியும். வெளியிலேயே மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, கேமராவைக் காற்றுப் புகாத பைக்குள் போட்டு மூடுங்கள். உள்ளே கொண்டுவந்த பிறகு இரண்டு மணி நேரமாவது திறக்க வேண்டாம். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படிந்து போய்விடும். வெப்ப நாடுகளில் குளிரூட்டிய அறையிலிருந்து ஈரமான அதிகாலைக்குள் போகும்போதும் இதே சிக்கல் வரும், அங்கே பையைத் திறக்க வெளியில் காத்திருக்க வேண்டும்.

படங்களைத் திருத்தும்போது வெண்பனியை முழு வெள்ளைக்குத் தள்ளாதீர்கள். அதன் மேற்பரப்பின் மணல்மணலான தன்மை தெரிய வேண்டும். மூடுபனிப் படங்களில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றும் ஆசையை அடக்குங்கள். மங்கலாக இருப்பதால்தான் அது மூடுபனி.

படி 12: படத்தைப் பதிவாக்குங்கள்

குளிர்காலப் பறவைப் படத்துக்கு அழகைத் தாண்டி ஒரு பயன் உண்டு. பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900இல் வட அமெரிக்காவில் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. 2002இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் உலகின் எந்த மூலையிலிருந்தும் நாள், இடம், எண்ணிக்கையோடு பதிவைச் சேர்த்துப் படத்தையும் இணைக்கலாம். இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் 1964 முதல் இயற்கைப் பாதுகாவலர் பீட்டர் ஸ்காட், குளிர்காலத்துக்கு வரும் பெவிக் அன்னங்களை அவற்றின் அலகில் உள்ள கறுப்பு மஞ்சள் அமைப்பைக் கொண்டே ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். எந்த அன்னம் எந்த இணையோடு, எத்தனை குஞ்சுகளோடு திரும்பி வந்தது என்பது அப்படித்தான் ஆண்டுக்கு ஆண்டு தெரிந்தது.

ஆகவே அன்னத்தையோ வாத்தையோ எடுக்கும்போது அழகான கோணம் கிடைத்த பிறகு, அலகு பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும்படி இன்னும் ஒரு படம் எடுங்கள். காலில் வளையம் இருந்தால் அதன் நிறமும் எழுத்தும் படிக்கும்படி ஒன்று. அதை நாள், இடத்தோடு உங்கள் நாட்டுப் பறவை வளையமிடும் அமைப்புக்கு அனுப்பிவையுங்கள். அந்தப் பறவை எங்கே வளையமிடப்பட்டது, எவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறது என்ற விவரத்தை அவர்கள் உங்களுக்குத் திருப்பி அனுப்புவார்கள்.